மலையகத்துக்குள் ஒரு ஸ்காட்லாந்து

கிளிநொச்சி தருமபுரத்தில் ஓர் அம்மா தன் தாயின் பிறப்புச் சான்றிதழை என்னிடம் காட்டினார். பிறந்த இடம்: டன்சினன் தோட்டம். "இது எந்த ஊர் தம்பி? அம்மா பூண்டுலோயா என்றுதான் சொல்லுவா" என்று கேட்டார். 1977 கலவரத்தோடு வன்னிக்கு வந்த குடும்பம். 2009இல் எல்லாவற்றையும் இழந்தபோதும் இந்தத் தாளை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தார்கள்.

டன்சினன் பூண்டுலோயாவில்தான் இருக்கிறது. ஆனால் பெயர் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் மன்னனின் கோட்டை நிற்கும் மலை அது.

ஹட்டனில் பஸ் ஏறினால் இப்படியே பெயர்ப்பலகைகள் வந்துகொண்டிருக்கும். அக்கரப்பத்தனைப் பக்கம் பெல்மோரல், கிளாஸ்கோ, வேவர்லி. தலவாக்கலையில் ஹோலிரூட். பெல்மோரல் பிரித்தானிய அரச குடும்பத்தின் கோடை மாளிகை, ஹோலிரூட் எடின்பரோ அரண்மனை, வேவர்லி வோல்டர் ஸ்கொட்டின் நாவல். ஹட்டன் என்றே ஸ்காட்லாந்தின் ஆபர்டீன்ஷயரில் ஒரு கிராமம் உண்டு.

காரணம் எளிது. கோப்பிக் காலத்திலிருந்தே துரைமாரில் பலர் ஸ்காட்லாந்துக்காரர்கள். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் அங்கிருந்து வந்தவர்தான். காட்டை வெட்டியவர்கள் தமிழர்கள். பெயர் வைத்தவர்கள், ஊர் நினைப்பு வந்த துரைமார்.

நுவரெலியா அந்த நினைப்பின் உச்சம். 1,868 மீற்றர் உயரம், செங்கல் தபாலகம், 1889இல் தொடங்கிய கோல்ஃப் கழகம். ஆளுநர் கிரெகரி காலத்தில், 1873இல், வெட்டப்பட்ட வாவியில் இன்று அன்னப் படகு ஓடுகிறது, கரையில் மட்டக்குதிரைச் சவாரி, அவித்த சோளம். கடல் இல்லாத கடற்கரைப் பட்டினம் என்றே சொல்லலாம். ஏப்ரலில் யாழ்ப்பாண வான்களும் வந்து நிற்கும். எனக்கும் பிடித்த ஊர்தான், மறைக்கவில்லை.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. துரைமார் போன பின்னும் பெயர்கள் போகவில்லை. அதில் எனக்குக் கோபமில்லை. நாலைந்து தலைமுறை உச்சரித்த பின் பெல்மோரல் தமிழ்ச் சொல்தான். சிக்கல் வேறு. தோட்டத்துக்கு அரண்மனைப் பெயர் உண்டு, ஆனால் அங்குள்ள பல லயக் குடும்பங்களுக்குச் சொந்த முகவரி இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும், யாராவது எடுத்து வந்தால்தான் கைக்குக் கிடைக்கும். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்ததாக அக்கரப்பத்தனையில் ஓர் இளைஞர் சொன்னார். வீடும் காணியும் சொந்தமில்லாதபோது கதவு இலக்கம் எங்கிருந்து வரும்?

டன்சினனுக்கும் போனேன். 2018இல் இந்திய உதவியில் அங்கே 404 தனி வீடுகள் கையளிக்கப்பட்டன, மகாத்மா காந்திபுரம் என்ற பெயரில். ஷேக்ஸ்பியரின் மலையில் காந்தி! அதைத் தாண்டி மேலே ஏறினால் பழைய லயங்கள். தருமபுரத்து அம்மாவுக்காக ஒரு படம் எடுத்து அனுப்பினேன். அவர் பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான்: "எங்கட லயம் இதில எது தம்பி?"

சான்றிதழில் லய இலக்கம் எழுதப்படவில்லை.