திருநெல்வேலிக்கே அல்வா: மிலான்ல டாமினோஸ் ஏன் மூடுச்சு?

2022-ல ஒரு செய்தி வந்தப்போ இன்டர்நெட்டே சிரிச்சுது. டாமினோஸ் இத்தாலியில எல்லாக் கடையையும் மூடிட்டாங்க. 2015-ல மிலான்ல முதல் கடை திறந்தாங்க. 880 கடை வரைக்கும் போகணும்னு திட்டம் போட்டாங்க. மூடும்போது கையில இருந்தது 29. மீம் போட்டவங்க எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னாங்க: பிட்ஸாவோட சொந்த நாட்டுல போய் அமெரிக்கன் பிட்ஸா வித்தா யாரு வாங்குவா? திருநெல்வேலிக்கே அல்வாவா?

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இந்த விளக்கம் பத்தலை. ருசிதான் பிரச்சனைன்னா ஆறு மாசத்துல மூடியிருக்கணும். ஏழு வருஷம் எப்படி ஓடுச்சு?

டாமினோஸ் அங்க உண்மையில வித்தது பிட்ஸா இல்ல, டெலிவரி. இத்தாலியில தெருவுக்குத் தெரு பிட்ஸா கடை இருக்கு, ருசியும் பிரமாதமா இருக்கும். ஆனா ஆர்டர் எடுத்து, ஆள் வச்சு, சூடு ஆறாம வீட்டுக்குக் கொண்டுபோற ஏற்பாடு அன்னிக்கு எல்லாக் கடையிலயும் இல்ல. டாமினோஸ் அந்த ஓட்டையைப் பாத்துத்தான் உள்ள போனாங்க. மொஸரெல்லா, தக்காளி சாஸ் எல்லாம் அந்த ஊர் சரக்குதான் போட்டாங்க. அன்னாசிப்பழமும் போட்டாங்க, அது தனிப் பஞ்சாயத்து.

அப்புறம் குளோவோ, டெலிவரூ, ஜஸ்ட் ஈட்னு ஆப்கள் பரவுச்சு. 2020-ல கொரோனா ஊரடங்கு. உக்கார வச்சுப் பரிமாற முடியாத நிலைமை, அதனால நாலு மேஜை போட்டிருந்த தாத்தா காலத்து பிட்ஸா கடைகூட டெலிவரிக்கு வந்துடுச்சு. இப்ப அதே முப்பது நிமிஷத்துல அந்தத் தாத்தா கடை பிட்ஸாவே வீட்டு வாசலுக்கு வருதுன்னா, டாமினோஸ எதுக்குக் கூப்பிடணும்? கடைகளை நடத்தின ஈபிட்ஸா கம்பெனியும் முதலீட்டாளர்களுக்குக் குடுத்த அறிக்கையில டெலிவரி சந்தையில போட்டி கூடிப்போச்சுன்னுதான் காரணம் சொல்லியிருக்காங்க. நம்ம பாஷையில சொன்னா, உங்க ஆப்போட ஒரே ஃபீச்சரை ஆப்பரேட்டிங் சிஸ்டமே இலவசமா குடுத்துட்ட மாதிரி.

இதுக்கு நேர் எதிரான கதையும் அதே மிலான்ல இருக்கு. 2018-ல ஸ்டார்பக்ஸ் வந்தப்பவும் இதே சிரிப்புதான், இத்தாலிக்காரனுக்கே காபியான்னு. ஆனா அந்த ஊர் காபி பார்ல எப்படின்னா, கவுன்ட்டர்ல நின்னபடியே ஒரு எஸ்ப்ரெஸோ, ரெண்டு மடக்கு, கிளம்பிடுவாங்க. நம்ம ஊர் டீக்கடை மாதிரியேதான். ஸ்டார்பக்ஸ் அங்க போய்ப் போட்டி போடல. பழைய தபால் நிலையக் கட்டடம் ஒண்ணுல, 2,000 சதுர மீட்டருக்கும் மேல இடம் எடுத்து, காபிக்கொட்டை வறுக்கறதை வேடிக்கை பாக்கற மாதிரி ஒரு பெரிய கடை போட்டாங்க. டூரிஸ்ட் வர்றான், லேப்டாப் வச்சிருக்கற பசங்க வர்றாங்க. உக்காரதுக்கு இடம், அதைத்தான் விக்கறாங்க. பக்கத்து பார்ல அது கிடைக்காது.

அதனால "இந்த ஏரியால இந்தச் சாப்பாடு ஓடுமா?"ங்கறது பாதிக் கேள்விதான். உங்க கடை இல்லாத இன்னிக்கு, அந்த ஆளு, அந்த நேரத்துல என்ன பண்றாரு? அதான் மீதி. சரவண பவன் 1981-ல கே.கே.நகர்ல ஆரம்பிச்ச கதை தெரிஞ்சிருக்கும். அங்க மளிகைக் கடை வச்சிருந்தவர்கிட்ட ஒருத்தர், மதியம் சாப்பிடணும்னா தி.நகர் வரைக்கும் போகணும்னு சொன்னதுதான் தொடக்கம்னு சொல்வாங்க. இட்லியில புதுமை ஒண்ணும் இல்லை. பக்கத்துல இல்லாததுதான் விஷயம். (ஓனரோட பிற்காலக் கதை வேற, அதுக்கு ஒரு தனி எபிசோடே வேணும்.)

இப்ப நம்ம ஓ.எம்.ஆருக்கு வருவோம். நம்ம லிஸனர் ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாரு, பேர் வேண்டாம்னுட்டாரு. ஆறு வருஷ சம்பளத்துல சேத்த காசு. சோழிங்கநல்லூர்ல, ஐ.டி. கம்பெனிகளுக்கு எதிர்லயே, போர்டு கேம்ஸ் கஃபே போடணும்னு ஆசை. 40 சீட், வாடகை ஒன்றரை லட்சம், அட்வான்ஸ் 10 மாசம். "ப்ரோ, எதிர்ல ஆயிரக்கணக்கான பேர் வேலை பாக்கறாங்க, கூட்டம் வராம எங்க போகும்?"

ப்ரோ, கணக்குப் போடுவோம். நிறைய கம்பெனில இப்ப வாரத்துக்கு மூணு நாள்தான் ஆபீஸ். மாசத்துக்கு 12 நாள்னு வைங்க. வாடகையை 12-ஆல வகுத்தா நாளுக்கு 12,500. மதிய இடைவேளை 12.30-ல இருந்து 2.30. மெஸ்ல ஒரு ஆள் 25 நிமிஷத்துல எந்திரிச்சுடுவாரு, ஒரு சீட் நாலு தடவை ஓடும். கேம் ஆட உக்காந்தா? ஒரே தடவை. 40 சீட்டும் நிறைஞ்சு, தலைக்கு 300 ரூபா வந்தாக்கூட 12,000. வாடகைக்கே பத்தலை. மாஸ்டர், கரன்ட், சரக்கு எல்லாம் அப்புறம். சாயங்காலம் கேப் வந்து எல்லாரையும் அள்ளிட்டுப் போயிடும்.

ஐடியா மோசம்னு நான் சொல்லல. மதியம் ஒரு மணிக்கு அந்த ஆளுக்கு வேண்டியது சீக்கிரமா ஒரு சாப்பாடு, இல்லன்னா ஒரு டீ. அது ஏற்கனவே கேம்பஸ் கேன்டீன்லயே கிடைக்குது. அதே கஃபேயை நாவலூர் பக்கம், அபார்ட்மென்ட் கூட்டத்துக்கு நடுவுல போட்டா வெள்ளி ராத்திரியும் சனி ஞாயிறும் உங்க நேரம். ஆனா அப்ப வர்றது டீம் லஞ்ச் கேங் இல்ல, ரெண்டு பசங்களோட வர்ற ஃபேமிலி. மெனு, மேஜை உயரம், கேம், பாட்டு சத்தம், எல்லாமே மாறும். அது உங்களுக்குப் பிடிச்ச கடையான்னு நீங்கதான் சொல்லணும்.

அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் அந்த ரோட்ல நின்னு தலை எண்ணுங்க. புதன்கிழமை மட்டும் போய் எண்ணாதீங்க, திங்களும் வெள்ளியும் போங்க. காலை 11, மதியம் 1, சாயங்காலம் 4, ராத்திரி 8. நடந்து போறவங்க எத்தனை பேர், அதுல ஏதாவது ஒரு கடைக்குள்ள நுழையறவங்க எத்தனை பேர், எவ்வளவு நேரம் உக்காருறாங்கன்னு ஒரு ஷீட்ல போட்டு எனக்கு அனுப்புங்க ப்ரோ. அடுத்த எபிசோட்ல அந்த நம்பரை வச்சுப் பேசுவோம்.