உங்களுக்குத் தெரியுமா? கொதிக்க வைத்தால் மட்டும் போதாது

தண்ணீர் கொதிக்கும் 100 டிகிரி செல்சியஸில் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். ஆனால் ரணஜன்னியை உண்டாக்கும் பாக்டீரியா போன்றவை, தடித்த உறை கொண்ட வித்துகளாக ஒடுங்கிக் கொதிநீரிலும் தாக்குப்பிடிக்கும்.

இதற்கு விடையாக நுண்ணுயிர் ஆய்வாளர் பாஸ்டரின் சகா சார்லஸ் சாம்பர்லாண்ட் 1879-இல் உருவாக்கியதுதான் ஆட்டோகிளேவ் என்னும் மூடுகலன். அழுத்தத்தில் அடைபட்ட நீராவி 121 டிகிரிக்கு ஏறும். அந்தச் சூட்டில் 15 நிமிடம் இருந்தால் வித்துகளும் அழியும். உள்ளிருக்கும் காற்றை முதலில் முழுவதுமாக வெளியேற்றுவது முக்கியம். காற்று தங்கிய மூலைக்கு நீராவி சரியாகப் போய்ச் சேராது. அழுத்தமானி சரியாகக் காட்டினாலும் கருவிகளைச் சுற்றிய துணி மூட்டையின் நடுவே கிருமி பிழைத்திருக்கலாம்!

மூட்டைமேல் ஒட்டிய நாடாவில் கறுப்புக் கோடுகள் தெரிந்தால் அது நீராவிச் சூடு பட்டதற்கு மட்டுமே அடையாளம். கிருமி செத்ததா என்று அறிய, வெப்பத்துக்கு எளிதில் மசியாத ஜியோபேசில்லஸ் வித்துகள் அடங்கிய சிறு குப்பியைக் கருவிகளோடு சேர்த்தே வைப்பார்கள். பிறகு அதை வித்து முளைக்க ஏற்ற சூட்டில் வைத்துக் கவனிப்பார்கள். குப்பித் திரவம் ஊதாவிலிருந்து மஞ்சளானால் வித்து முளைத்துவிட்டது. அந்தக் கருவிகளைத் தொடக்கூடாது. இந்தச் சோதனையை எந்த மருத்துவமனையும் தவிர்க்கவே கூடாது.

சூடு தாங்காத பிளாஸ்டிக் சிரிஞ்சுகளுக்குக் கோபால்ட்-60 உமிழும் காமா கதிர்தான் வழி. உறையை மூடி ஒட்டிய பிறகே கதிர் பாய்ச்சுவார்கள். மும்பை டிராம்பேயில் 1974 முதல் இதற்கென ‘ஐசோமெட்’ ஆலை இயங்கியது. சூட்டில் கெட்டுப்போகும் இன்சுலின் போன்ற ஊசி மருந்துகளை 0.22 மைக்ரான் துளைகள் கொண்ட வடிகட்டி வழியே செலுத்திக் கிருமிகளை நீக்குகிறார்கள்.