பண்டிகைப் பலகாரமும் வீட்டு நாயும்

நாய் வைரவக் கடவுளின் வாகனம். தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்த தருமபுத்திரரின் வரலாற்றை மகாபாரதம் கூறும். நேபாள நாட்டினர் தீபாவளிக் காலத்தில் ஒரு நாளை நாய்களுக்கென்றே ஒதுக்கி, அவற்றுக்கு மாலை சூட்டி உணவளிப்பர். நம்மவரும் பண்டிகை நாட்களில் தாம் உண்பதில் ஒரு பங்கை முற்றத்து நாய்க்கு இடுவது வழக்கம். அன்பினால் எழுந்த இவ்வழக்கம் போற்றத்தக்கதே. எனினும், மனிதனுக்கு உகந்த உணவு யாவும் நாய்க்கு உகந்ததன்று. அவற்றுட் சில அதன் உயிருக்கே உலை வைப்பன.

சர்க்கரைப் பொங்கலை எடுத்துக்கொள்வோம். அரிசி, பயறு, சர்க்கரை ஆகியவற்றுடன் கஜுவையும், கடைகளிற் பிளம்ஸ் எனப்படும் முந்திரிகை வற்றலையும் சேர்க்கிறோம். இவ்வற்றலே நாய்க்குப் பெரும் பகை. முந்திரிகைப் பழமும் அதன் வற்றலும் நாயின் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்யவல்லன. இதன் காரணம் நெடுங்காலம் புலப்படவில்லை. அவற்றிலுள்ள தாத்தாரிக்கமிலமே காரணமாகலாம் என 2021 ஆம் ஆண்டில் அமெரிக்க மிருக வைத்தியர் சிலர் கருத்து வெளியிட்டனர். அவ்வமிலம் நாம் நாளும் பயன்படுத்தும் புளியிலும் மிகுதியாக உண்டு. புளியை உண்ட நாய்களின் சிறுநீரகங்கள் பழுதுற்றமையும் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது. ஒரு நாய் ஒரு பிடி வற்றலைத் தின்றும் தப்பும். மற்றொன்று சிறிதளவிலேயே நோயுறும். ஆகையால், "சிறிது கொடுத்தாற் பாதகமில்லை" என்று எண்ணலாகாது. புளிச்சோறும், வற்றல் சேர்ந்த நத்தார்க் கேக்கும் அவ்வாறே விலக்கப்பட வேண்டியவை.

சொக்கலேட்டில் தியோபுரோமின் என்னும் பொருள் உண்டு. நம் உடல் அதனை விரைவில் அகற்றிவிடும். நாயின் உடலிலிருந்து அதன் பாதியளவு நீங்குவதற்கே ஏறக்குறைய 18 மணித்தியாலங்கள் செல்லும். அதற்குள் இதயம் படபடக்கும், வலிப்பும் வரலாம். நிறம் கறுக்கக் கறுக்க நஞ்சும் மிகும். கொக்கோத் தூள் மிகக் கொடியது. சீனியற்ற சுவிங்கம் சிலவற்றிற் சேர்க்கப்படும் சைலிற்றோல் இன்னும் விரைவிற் கேடு செய்யும்.

வைரவருக்கு வடைமாலை சாத்துகிறோம். ஆனால் வெங்காயம் இட்ட வடையை அவர் வாகனத்துக்குக் கொடுத்தல் தகாது. வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பன. வேகவைப்பதனாலோ பொரிப்பதனாலோ அத்தீமை நீங்காது. எண்ணெய்ப் பலகாரங்கள் கணையத்தைத் தாக்கும். சமைத்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

அங்ஙனமாயின் நாய்க்குப் பண்டிகை இல்லையோ? உண்டு. படையலுக்குரிய பொங்கற் பானையில் கை வைக்காமல், சிறு சட்டியொன்றில் ஒரு பிடி அரிசியை உப்பின்றித் தனியே வேகவைக்கலாம். அதனுடன் அவித்த பூசணித் துண்டு, கரட், அவித்த முட்டை, விதை நீக்கிய பப்பாசி ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்க்கலாம். புலால் உண்போர் எலும்பு நீக்கிய கோழி இறைச்சியை மசாலையின்றி அவித்துக் கொடுக்கலாம். இத்தகைய தின்பண்டங்கள் அன்றைய உணவிற் பத்தில் ஒரு பங்கை மிஞ்சாதிருத்தல் நன்று.

நாய் விலக்கப்பட்டதொன்றைத் தின்றுவிட்டதாயின், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராமல் உடனே மிருக வைத்தியரை நாடுக. தின்றது யாது, எவ்வளவு, எப்பொழுது என்பவற்றையும், நாயின் நிறையையும் அவருக்குக் கூறுக. உப்பு நீரைப் பருக்கி வாந்தி எடுப்பிக்க முயல்வது வேறோர் ஆபத்தை விளைவிக்கும். வற்றல் தின்ற நாய் முதல் நாளில் வாந்தி எடுத்துப் பின்னர் தேறியது போலத் தோன்றலாம். சிறுநீரகப் பழுது ஓரிரு நாட்களின் பின்னரே வெளிப்படுவதால், அத்தோற்றத்தை நம்பியிருத்தல் ஆகாது.

பண்டிகை நாளில் நாய்க்குத் தின்பண்டம் இடுவோர் பெரும்பாலும் சிறுவரும் விருந்தினருமே. இதனை அறியாமலே அவர்கள் அன்புடன் கொடுக்கின்றனர். ஆதலால், அடுப்பு மூட்டுமுன்னரே தாய்மார் பிள்ளைகளை அழைத்து, நாய்க்குரிய சட்டி இது, நமக்குரிய பானை அது எனக் காட்டிவிடுதல் வேண்டும். மாணவர்களும் தாம் கற்றதைப் பாட்டன் பாட்டிக்கும் அயலவர்க்கும் எடுத்துரைத்தல் தகும். வாயில்லாப் பிராணி தனக்கு ஆகாததை மறுத்துரைக்க மாட்டாது. நாம் நீட்டுவதை நம்பியே உண்ணும். அந்நம்பிக்கைக்கு உரியவராய் ஒழுகுவது நம் கடன்.