இரண்டு ஊரில் வியாபாரம், ஒரே கொப்பி

வடபுல முஸ்லிம் வியாபாரிகளில் பலருக்கு இன்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளத்தில் ஒதுங்கினோம். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் சிலர் முள்ளியவளை, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டிப் பக்கம் திரும்பி வந்து கடை திறந்தோம். பிள்ளைகளின் படிப்பும் இருபது வருடத்து வாடிக்கையும் புத்தளத்திலேயே நின்றுவிட்டன. எனது சீமெந்து, தகரக் கடை முள்ளியவளையில். களஞ்சியம் புத்தளத்தில், தம்பியின் பொறுப்பில். இப்படிப் பிரிந்து கிடக்கும் வியாபாரத்துக்கு ஒரே கணக்கை எப்படி வைத்திருப்பது? இவ்வாரம் அதைப் பார்ப்போம்.

வழமையாக நாம் தொலைபேசியில்தான் விசாரிக்கிறோம். "எத்தனை மூட்டை கிடக்கு?" என்று கேட்டு ஒரு துண்டில் எழுதுவோம். அங்கே ஒரு கொப்பி, இங்கே ஒரு கொப்பி. மாத முடிவில் இரண்டும் ஒத்து வராது. சகோதரர்களுக்கிடையே மனக்கசப்பு தொடங்கும் இடம் இதுதான். வஞ்சகம் எதுவும் இருக்காது, கணக்கு மட்டும் இரண்டாக இருக்கும்.

'கிளவுட்' என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அதன் பொருள் இவ்வளவுதான்: கொப்பி நமது மேசையில் இல்லை, இணையத்தின் வழியாகத் திறக்கும் ஒரு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. அதே பக்கத்தை இருவர் ஒரே நேரத்தில் திறந்து எழுதலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதும் பதிவாகும். கூகிள் 2006இல் இத்தகைய கணக்குத்தாளை வெளியிட்டது. இன்றும் சாதாரணப் பாவனைக்குக் காசில்லை. பில், வரி எல்லாம் சேர்த்து வேண்டுமென்றால் காசு கட்டும் மென்பொருட்கள் உண்டு. அவற்றில் ஒன்றான சோஹோவை நடத்துவது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம். அதன் ஆட்கள் தென்காசிப் பக்கத்துக் கிராமமான மத்தளம்பாறையில் இருந்தும் வேலை செய்கிறார்கள். கிராமத்திலிருந்து உலகத்துக்கே மென்பொருள் விற்க முடியுமென்றால், முள்ளியவளையிலிருந்து புத்தளத்துக் கணக்கைப் பார்ப்பது பெரிய காரியமல்ல.

எமது முறையைச் சொல்கிறேன். லொறியில் ஏற்றியதும் தம்பி எண்ணிக்கையைப் போடுவார். வண்டி அனுராதபுரம், வவுனியா தாண்டி மாங்குளத்தில் திரும்புவதற்கு முன்னரே, என்ன வருகிறது என்பது இங்கே தெரிந்துவிடும். விலைக்கு ஒரு தனி நிரல். இதன் பெறுமதி 2022இல்தான் விளங்கியது. அவ்வருடம் மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. நேற்றைய விலைக்கு விற்றவனால் அந்தக் காசில் மறுபடி சாமான் எடுக்க முடியவில்லை. தம்பி காலையில் விலையை மாற்றுவார், கடைப் பையன் அதைப் பார்த்துத்தான் பில் எழுதுவான்.

"கரண்ட் இல்லாவிட்டால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதே மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. இணைப்பு இல்லாதபோதும் திறக்கும்படி கணக்குத்தாளைத் தொலைபேசியில் சேமித்து வைக்கலாம். சிக்னல் வந்ததும் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஆனால் இருவரும் ஒரே கட்டத்தை மாற்றியிருந்தால் ஒருவருடையது போய்விடும். ஆகையால் அவரவர் தன் நிரலில் மட்டும் எழுத வேண்டும்.

வட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பினால் போதும் என்பவர்கள் 2018 மார்ச்சை நினைத்துப் பார்க்கவும். கண்டிக் கலவரத்தின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டன. 2019இலும் 2022இலும் மீண்டும் தடை வந்தது. ஓடர் முழுவதையும் அதிலேயே வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

கிளவுட்டில் போட்டதெல்லாம் பத்திரம் என்றும் எண்ணிவிட வேண்டாம். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை அரச அலுவலகங்கள் இழந்தன, அமைச்சரவை அலுவலகமும் அதில் அடங்கும். அந்தக் காலப்பகுதிக்கு வேறிடத்தில் பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே அந்த நிலை என்றால் சீமெந்துக் கடைக்காரன் பிரதி எடுக்காமல் இருக்கலாமா? வெள்ளிக்கிழமை கடை பூட்டியிருக்கும் நேரத்தில் மகன் முழுக் கணக்கையும் பென்டிரைவில் இறக்குவான், கடன் பக்கத்தை அச்சிட்டும் வைப்பான்.

கடனைப் பற்றி இன்னொரு வார்த்தை. கடனை எழுதி வைக்கும்படி சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது, ஊருக்கெல்லாம் காட்டும்படி அல்ல. இங்கே கமக்காரர்கள் தகரத்தை எடுத்துக்கொண்டு காலபோக அறுவடைக்குப் பின்னரே காசு தருவார்கள். அவர்களது பெயர்களைக் கடைப் பையனும் லொறிச் சாரதியும் பார்க்கத் தேவையில்லை. சாமான் கணக்கு ஒரு கோப்பு, கடன் கணக்கு வேறொரு கோப்பு. இரண்டாவதைத் திறக்க எனக்கும் தம்பிக்கும் மட்டுமே அனுமதி.

கணக்கைத் திறக்கும் மின்னஞ்சல் முதலாளியின் பெயரில் இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் வேலைக்கு நின்ற பையன் தன் சொந்த மின்னஞ்சலில் எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்தான். அவன் கட்டாருக்குப் போன பிறகு, மூன்று மாதக் கணக்கைப் பார்க்க அவனது ஓய்வு நாளுக்காக முதலாளி காத்திருந்தார்.