கம்பஞ்சோறும் குன்னூர் எலியும்

"கம்பஞ்சோறு தின்னுதான் என்ற சர்க்கரை எறங்கிச்சுங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதுதான் தாமதம், என் மாமியார் மாத்திரையை நிறுத்திவிட்டார். இருபதே நாளில் தலைசுற்றி விழுந்தார். வெள்ளகோவிலிலிருந்து ஈரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பிறகு விசாரித்தால், அந்த அக்கா மாத்திரையை விடவே இல்லையாம்! தினமும் காலையில் நடக்கவும் செய்தாராம். அப்படியானால் சர்க்கரையை இறக்கியது எது?

இதைக் கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சி. நம் நீலகிரி மலையில், குன்னூரில், 1918-ல் டாக்டர் மெக்கரிசன் ஒரே ஓர் அறையில் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பின்னாளில் எலிகளைப் பல கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்குப் பஞ்சாப் சீக்கியரின் சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி. இன்னொன்றுக்கு நம் அரிசிச் சாப்பாடு என்று கொடுத்தார். சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகளே நன்றாக வளர்ந்தன. மற்றதெல்லாம் ஒன்றுபோல் இருக்க, சாப்பாடு மட்டும் மாற வேண்டும். சூட்சுமம் அதுதான். அந்த ஆய்வுக்கூடம்தான் இன்று ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

மனுஷரைக் கூண்டில் அடைக்க முடியுமா? அதனால் ஆயிரக்கணக்கானவர்கள் சாப்பிடுவதைக் கேட்டு எழுதி, வருஷக்கணக்கில் கவனிக்கிறார்கள். அல்லது சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரண்டு கூட்டமாகப் பிரித்து, வேறு வேறு உணவு கொடுத்து ஒப்பிடுகிறார்கள்.

சகோதரிகளே, யார் எந்த உணவைச் சொன்னாலும் கேளுங்கள்: எத்தனை பேருக்குப் பலித்தது? யாரோடு ஒப்பிட்டார்கள்? சாப்பாட்டோடு வேறென்ன மாறியது? டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

என் மாமியார் இப்போதும் கம்பஞ்சோறு சாப்பிடுகிறார், டாக்டர் சொன்ன அளவில். மாத்திரையும் போடுகிறார்.