திண்ணைத் தோழர்கள் காட்டிய வழி

மார்க்கக் கல்வி பயில விழையும் மாணவன், தன் இல்லத்திலிருந்தே நாள்தோறும் சென்று வரலாகாதா? ஆண்டுக்கணக்கில் மத்ரஸாவிலேயே தங்கித்தான் ஓத வேண்டுமா? பிள்ளையைப் பிரிய மனமில்லாத தாய்மார் பலர் எழுப்பும் வினா இது. கைபேசி வாயிலாகவே பாடங்களைக் கேட்டுவிடக்கூடிய இந்நாளில் அவ்வினா மேலும் வலுப்பெற்றுள்ளது. இதற்குரிய விடையை மதீனாவில் தேடுவதே முறையாகும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில், பேரீச்ச ஓலை வேய்ந்த திண்ணை ஒன்று இருந்தது. அரபு மொழியில் அதனை 'சுஃப்பா' என்பர். வீடும் சுற்றமும் இல்லாத ஏழைத் தோழர்கள் அங்கே தங்கினர், பெருமானாரிடம் பயின்றனர். 'திண்ணைத் தோழர்கள்' என வரலாறு போற்றுவது இவர்களைத்தான்.

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் மதீனா வந்து சேர்ந்த அபூஹுரைரா (ரலி) அவர்களும் இவர்களுள் ஒருவர். நபியவர்களுடன் அன்னார் வாழ்ந்த காலம் நான்கு ஆண்டுகளுக்கும் குறைவே. ஆயினும், அவர்கள் வாயிலாக வந்துள்ள அறிவிப்புகள், மீண்டும் வருவன உட்பட, 5374 என ஹதீஸ் கலை அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். இது எவ்வாறு இயன்றது? மக்காவிலிருந்து வந்த தோழர்களைக் கடைத்தெரு வாணிபமும், மதீனத் தோழர்களை அவர்தம் தோட்டங்களும் ஈர்த்துக்கொண்டன. தாமோ வயிற்றுக்குக் கிடைத்ததே போதுமென்று பெருமானாரை விட்டு அகலாதிருந்ததாக அவர்களே காரணம் கூறியுள்ளார்கள்.

உடன் தங்கியதால் அவர்கள் பெற்றது செவிச் செல்வம் மட்டுமன்று. ஒருநாள் பசி அவர்களை வாட்டியது. அவ்வேளை நபியவர்களின் இல்லத்திற்கு ஒரு கிண்ணம் பால் அன்பளிப்பாக வந்தது. திண்ணைத் தோழர்கள் அனைவரையும் அழைத்து வருமாறு பெருமானார் பணித்தார்கள். இத்தனை பேருக்கும் இந்தப் பால் எம்மாத்திரம் என்று உள்ளம் தவித்தபோதும், அபூஹுரைரா (ரலி) அவர்கள் பணிந்தார்கள். தம் கையாலேயே ஒவ்வொருவருக்கும் கிண்ணத்தை வழங்கினார்கள். அனைவரும் நிறைவாக அருந்திய பின் அவர்கள் பருகினார்கள். எஞ்சியதைப் பெருமானார் எல்லாருக்கும் இறுதியாகப் பருகினார்கள். இந்நிகழ்ச்சியை ஸஹீஹுல் புகாரியில் காணலாம். பசித்தவன் பிறர் பசியை முதலில் ஆற்றுவதையும், ஆசான் கடைசியில் அருந்துவதையும் அன்று அங்கிருந்தோர் தம் கண்களாலேயே கற்றனர். உடனுறைந்து பயில்வதன் பயன் இதுவே!

இந்த வழியைப் பின்னாளில் வந்தோரும் பேணினர். வஸீர் நிஜாமுல் முல்க் நிறுவிய நிஜாமிய்யா கலாசாலை 1067ஆம் ஆண்டில் பக்தாதில் திறக்கப்பட்டது. மாணவர்க்கு உறைவிடமும் உதவித்தொகையும் அங்கு உண்டு. அதன் தலைமை ஆசிரியராக 1091இல் அமர்ந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், இளமையில் தந்தையை இழந்தவர்கள். தந்தை விட்டுச்சென்ற பொருள் தீர்ந்துபோகவே, உணவாவது கிடைக்கட்டும் என்று அவர்களும் அவர்தம் சகோதரரும் ஒரு மத்ரஸாவில் சேர்க்கப்பட்டனர். தாம் இறைவனுக்காக அன்றி வேறு நோக்கில் கல்வியைத் தேடியதாகவும், கல்வியோ இறைவனுக்கன்றி வேறு எதற்கும் ஆகமாட்டேன் என மறுத்துவிட்டதாகவும் பிற்காலத்தில் அவர்கள் நினைவுகூர்ந்தார்கள். வறுமையால் மத்ரஸாவின் வாயிலை அடையும் பிள்ளையை எவரும் இகழ வேண்டா!

நம் வேலூரிலும் 19ஆம் நூற்றாண்டில் அப்துல் வஹ்ஹாப் ஹஸ்ரத் (ரஹ்) அவர்கள் நிறுவிய பாகியாத்துஸ் ஸாலிஹாத், 'உம்முல் மதாரிஸ்', அதாவது மத்ரஸாக்களின் தாய் எனப் போற்றப்படுகிறது. தமிழகம், கேரளம், இலங்கை எனப் பல பகுதி மாணவர்கள் அங்குத் தங்கி ஓதியுள்ளனர். வேற்று ஊராருடன் ஒரே விரிப்பில் அமர்ந்து உண்பதும், சுபுஹுக்கு முன் எழுவதும், இரவில் ஒருவர்க்கொருவர் பாடத்தை எடுத்துரைப்பதும் இத்தகைய வாழ்வின் அங்கங்கள். நாளை ஆலிமாகி, முன்பின் அறியாத ஒரு மஹல்லாவில் இமாமாக நிற்கப் போகிறவன் அவன். குடும்பப் பிணக்குகள் அவனிடம் வரும். பல குணத்தாரையும் அவன் அரவணைக்க வேண்டும். அந்தப் பொறுமையை நூல் மட்டும் தந்துவிடாது.

எனினும், தங்கிப் பயில இயலாதவர் மனம் தளர வேண்டியதில்லை. உமர் (ரலி) அவர்களும் அவர்தம் அண்டை வீட்டுத் தோழரும் ஒருநாள் ஒருவர், மறுநாள் மற்றவர் என முறை வைத்துப் பெருமானாரின் அவைக்குச் சென்றனர், கேட்டதைப் பகிர்ந்துகொண்டனர்.

தங்க வைப்போர்க்கும் ஒரு பெரும் பொறுப்புண்டு. மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் ஒத்த வயதுடைய இளைஞர் சிலரும் மதீனா வந்து இருபது இரவுகள் தங்கினர். அவர்கள் குடும்பத்தாரை எண்ணி ஏங்குவதை நபியவர்கள் தாமே உணர்ந்தார்கள். வீட்டில் யாரை விட்டு வந்தீர்கள் என்று பரிவுடன் விசாரித்தார்கள். பின்னர், ஊர் திரும்பித் தம்மவர்க்குக் கற்பிக்குமாறும், தாம் தொழக் கண்டவாறே தொழுமாறும் பணித்து அனுப்பினார்கள். கேட்டவாறு என்னாது, கண்டவாறு என்று கூறியதைக் கவனியுங்கள்! கண்டு கற்பதற்கே உடனுறைதல் தேவைப்படுகிறது. மாணவனின் ஏக்கத்தை அவன் முகத்தில் படித்தறியும் உஸ்தாதுகளும், உணவையும் உடல்நலத்தையும் கவனிக்கும் நிர்வாகிகளும், அடிக்கடி சென்று காணும் பெற்றோரும் அமைந்தால்தான் அந்த உறைவிடம் திண்ணையின் வாரிசாகும்.

சமுதாயத்தின் ஒவ்வொரு பிரிவினரிலிருந்தும் சிலர் புறப்பட்டு, மார்க்க ஞானம் பெற்று, திரும்பி வந்து தம் மக்களை எச்சரிக்க வேண்டும் என்பது தவ்பா அத்தியாயத்தின் 122ஆம் வசனத்தின் கருத்தாகும். ஆகவே, மகனை மத்ரஸாவுக்கு அனுப்பிவைக்கும் தாயின் பிரிவுத்துயர் வீண்போவதில்லை. சமுதாயம் முழுவதற்குமான கடமையில் அத்தாயும் பங்கு பெறுகிறாள். வல்ல அல்லாஹ் அந்தப் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியை வழங்குவானாக! ஆமீன்.