லூஸான போல்ட்டுக்கு யார் பொறுப்பு?

2024 அக்டோபர் 11 இரவு எட்டரை மணி அளவில், மைசூரிலிருந்து தர்பங்கா சென்றுகொண்டிருந்த பாக்மதி எக்ஸ்பிரஸ், கும்மிடிப்பூண்டிக்குச் சற்று முன்னால் உள்ள கவரப்பேட்டையில் மெயின் லைனை விட்டு விலகி, லூப் லைனில் நின்றிருந்த சரக்கு ரயிலின் பின்புறம் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன, தீப்பிடித்தது, பலர் காயமடைந்தார்கள். ஒருவரும் உயிரிழக்காதது பெரும் ஆறுதல். சிக்னல் மெயின் லைனுக்குத்தான் பச்சை காட்டியிருந்தது. ஆனால் தண்டவாளம் பிரியும் இடமான பாயிண்டில் போல்ட்டும் நட்டும் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. பாகங்கள் தாமாகக் கழலவில்லை, வேண்டுமென்றே கழற்றப்பட்டிருக்கின்றன என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை பிற்பாடு முடிவு சொன்னது. அந்த முடிவைவிட, அதற்குள் ஒளிந்திருக்கும் கேள்விதான் நம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு முக்கியம். ஒரு நட்டைக் கை கழற்றியதா, அதிர்வு கழற்றியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இது லேசான கேள்வி இல்லை. இங்கிலாந்தின் பாட்டர்ஸ் பார் நிலையத்தில் 2002 மே 10 அன்று ரயில் தடம் புரண்டு ஏழு பேர் இறந்தார்கள். அங்கேயும் பாயிண்டின் நட்டுகள் கழன்றிருந்தன. யாரோ செய்த சதியாக இருக்கலாம் என்று பராமரிப்பு ஒப்பந்ததாரர் சொன்னார். அதற்கு ஆதாரம் இல்லை, சரியாக முறுக்காததும் பராமரிப்பு போதாததும்தான் காரணம் என்றது விசாரணை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2007 பிப்ரவரி 23 அன்று அதே நாட்டின் கிரேரிக்கில் மறுபடியும் பாயிண்டின் போல்ட் இணைப்புகள் கைவிட்டு ஒருவர் இறந்தார். விபத்துக்குச் சில நாள் முன்பு நடந்திருக்கவேண்டிய ஒரு சோதனை நடக்காமலே போயிருந்தது. கவரப்பேட்டையிலும் பாட்டர்ஸ் பாரிலும் கண்ணுக்குத் தெரிந்த காட்சி ஏறக்குறைய ஒன்று, காரணமோ நேர் எதிர். போல்ட் தானாக எப்படிக் கழலும் என்ற அறிவும், அதை யார் எப்போது பார்த்தார்கள் என்ற பதிவும் இருந்தால்தான் இரண்டையும் பிரித்துப் பார்க்கமுடியும். அவை இல்லாத இடத்தில் பழி யார் மேலும் விழலாம். நம் ஆலைகளில் அது பெரும்பாலும் கடைசியாக ஸ்பேனரைப் பிடித்த ஹெல்பர் மேல் விழுகிறது. அது அநியாயம் என்பதே என் வாதம். திரும்பத் திரும்ப லூஸாகும் போல்ட் அந்த இணைப்பின் குறையைச் சொல்கிறது. முறுக்கியவரின் அலட்சியம் என்று அதை வைத்தே முடிவுகட்டக் கூடாது.

போல்ட்டை முறுக்கும்போது அது மிக நுட்பமாக நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கும் அந்த இழுவிசைதான் இரண்டு தகடுகளையும் இறுக்கிப் பிடிக்கிறது. மரை என்பது சுற்றிச் சுற்றி இறங்கும் ஒரு சரிவு. அந்தச் சரிவில் நட் எப்போதும் பின்னால் வழுகவே பார்க்கும், உராய்வுதான் அதைத் தடுத்து நிறுத்துகிறது. போல்ட் நீளும் திசையில் வரும் அதிர்வுதான் நட்டைக் கழற்றுகிறது என்று முன்பு நினைத்திருந்தார்கள். 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற பொறியாளர் வெளியிட்ட சோதனைகள் வேறு உண்மையைக் காட்டின. தகடுகள் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று வழுகினால்தான் நட் வேகமாகக் கழல்கிறது. மண்ணில் அடித்த முளையை நேராக இழுத்தால் வராது, பக்கவாட்டில் அசைத்து அசைத்து இழுத்தால் வந்துவிடும். அதேபோல், பக்கவாட்டில் ஒருமுறை வழுகத் தொடங்கியதும் மரையின் உராய்வு நட் திரும்புவதைத் தடுக்கும் பலத்தை இழக்கிறது. ஒவ்வொரு அசைவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நட் பின்னால் போகிறது. சுடும் ஒவ்வொரு தடவையும் உதறும் ரிவால்வரின் சிறு திருகுகளும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ரோலிங் மில் மோட்டார் போல்ட்டும் இந்த ஒரே விதிக்குத்தான் கட்டுப்படுகின்றன.

நட் திரும்பாமலே இறுக்கம் போவதும் உண்டு. கணக்குப் போட்டால் இது விளங்கும். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள 8.8 தரப் போல்ட் 40 மில்லிமீட்டர் கனத்தைப் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரியாக முறுக்கினால் அது நீள்வது சுமார் 0.08 மில்லிமீட்டர்தான். வாஷருக்கு அடியில் இருக்கும் பெயின்ட், பிசிறு, துரு நசுங்கி 0.01 மில்லிமீட்டர் அமுங்கினாலே எட்டில் ஒரு பங்கு இறுக்கம் போய்விடும். அதே போல்ட் 10 மில்லிமீட்டர் தகட்டைப் பிடித்திருந்தால், அதே அமுக்கத்தில் பாதி இறுக்கம் போகும். மெல்லிய தகட்டில் குட்டைப் போல்ட் போட்ட கார்டும் கவரும் அடிக்கடி ஆடுவதற்கு இதுதான் காரணம். இயந்திரம் நின்றிருக்கும்போது டார்ச் அடித்து அந்த வாஷரைப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி நைஸான செந்நிறத் தூள் படிந்திருக்கும், துடைத்தால் அடியில் இரும்பு பளபளவென்று தேய்ந்திருக்கும். அதை வெறும் துரு என்று துணியால் துடைத்துவிடுகிறார்கள். அது இரண்டு பரப்புகள் வழுகி வழுகி உதிர்த்த பொடி. நட் கழலும் முன்பே கிடைக்கும் எச்சரிக்கை அது.

“ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கிறோமே” என்பார்கள். நாடு முழுவதும் பரவிய நம்பிக்கை இது. போல்ட்டை முழுதாக முறுக்கியதும் அந்த வாஷர் தட்டையாகி, சாதா வாஷர் மாதிரியே கிடக்கிறது. அதைத் தட்டையாக்கத் தேவைப்படும் விசை, போல்ட்டின் இழுவிசையில் சிறு பங்குதான். நாசா 1990இல் வெளியிட்ட போல்ட் வடிவமைப்புக் கையேடு, பூட்டிவைக்கும் வேலைக்கு இந்த வகை வாஷர் பயன்படாது என்றே எழுதியிருக்கிறது. இத்தனை வருடம் ஓடியிருக்கிறதே என்றால், அங்கே இணைப்பு வழுகவே இல்லை என்று அர்த்தம். வாஷர் இல்லாமலும் அது ஓடியிருக்கும்.

“பலம் போட்டு முறுக்கினால் தீர்ந்தது” என்பது அடுத்த பதில். ஸ்பேனரில் நாம் போடும் முயற்சியில் ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கோ நட்டுக்கோ அடியிலும், நாற்பது சதவீதம் மரையிலும் உராய்வாகவே செலவாகிறது. மிச்சம் பத்து சதவீதம்தான் இறுக்கமாக மாறுகிறது. துருப்பிடித்த மரையில் கை வலிக்க முறுக்கியும் இறுக்கம் பாதிகூட வந்திருக்காது. எண்ணெய் தோய்ந்த மரையிலோ அதே பலம் போல்ட்டை அறுத்துவிடலாம். பைப்பைச் செருகி ஸ்பேனரை நீளமாக்கும் பழக்கத்தால் போல்ட் தன் எல்லை தாண்டி நீண்டு செத்துப்போகிறது. டார்க் ரெஞ்ச் முழு உத்தரவாதம் தராது, உண்மைதான். ஆனாலும் ஆளுக்கு ஆள் மாறும் கைப்பலத்தைவிட அது எவ்வளவோ மேல்.

செலவைப் பற்றிய தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. காக்களூர் சிட்கோ பேட்டையில் நாலைந்து லேத் வைத்திருப்பவரிடம் விமானத் தொழிற்சாலை நடைமுறையை எதிர்பார்க்கமுடியாது. ஆனால் பலன் தரும் வழிகளில் பாதிக்குமேல் மலிவானவை. வாஷர் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டுவதற்குக் காசு வேண்டாம். குட்டைப் போல்ட்டுக்குப் பதில், தடித்த குழாய்த் துண்டு வைத்து நீளப் போல்ட் போடலாம். பக்கவாட்டு விசையைப் போல்ட்டே தாங்காதபடி டவல் பின் அடிக்கலாம். இரட்டை நட் போடுவதானால் மெல்லிய நட் அடியிலும் தடித்தது மேலேயும் வரவேண்டும். இதைத் தலைகீழாகப் போடுவதை எங்கும் பார்க்கலாம். அமெரிக்க வேதியியல் பேராசிரியர் வெர்னான் கிரீபிள் 1953இல் உருவாக்கிய லாக்டைட், காற்றுப்படாத மரைக்குள் கெட்டியாகி இடைவெளியை நிரப்பும். சில நூறு ரூபாய்ப் புட்டி பல போல்ட்டுகளுக்கு வரும். கழற்றவேண்டிய இடத்துக்கு நீல நிறம் போதும். சிவப்பைச் சூடாக்காமல் கழற்றுவது கடினம். எண்ணெய் போகத் துடைக்காமல் ஊற்றினால் பிடிக்காது. உலைக்கும் ரோலுக்கும் அருகே 150 டிகிரிக்கு மேல் போகும் இடத்தில் சாதாரண வகை தாங்காது, நைலான் வளையம் வைத்த நட் அதற்கு முன்பே கைவிடும். அங்கே இரும்போடு இரும்பாகப் பூட்டும் வெட்ஜ் வாஷரோ இரட்டை நட்டோதான் சரி. 1966 முதல் சென்னையின் பாடியில் சுந்தரம் ஃபாஸனர்ஸ் போல்ட் செய்துவரும் பகுதி இது. அறிவு வெகுதூரத்தில் இல்லை.

எல்லாவற்றிலும் மலிவானது ஒரு பெயின்ட் கோடு. முறுக்கி முடித்ததும் நட், போல்ட் நுனி, தகடு மூன்றின் மேலும் ஒரே கோடாக இழுத்துவிட்டால், நட் திரும்பியதா என்று தொடாமலே தெரியும். கோடு உடையாமல் இணைப்பு ஆடினால் அமுக்கத்தில் இறுக்கம் போயிருக்கிறது. கோடு உடைந்திருந்தால் நட் திரும்பியிருக்கிறது. செந்தூள் இருந்தால் வழுகல் நடந்திருக்கிறது. மெயின்டெனன்ஸ் பார்க்கும் நண்பர்களுக்கும் அவர்களை வேலை வாங்கும் முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே போல்ட் இரண்டாவது தடவை லூஸானால், உடனே முறுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். இயந்திரத்தை நிறுத்தி, எந்தப் போல்ட், என்றைக்கு, கோடு எங்கே நின்றது, தூள் இருந்ததா என்று ஷிஃப்ட் புத்தகத்தில் எழுதுங்கள். அதை எழுதி முடிக்கும்வரை யாரையும் திட்டாதீர்கள்.